பந்தலுக்குக் கீழே ஒரு குழாய்

கணபதி என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த வீதியின் கடைசியில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு இருந்தது. பஞ்சு வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தும், மழை பெய்தால் அதன் சுவரிலிருந்து பருத்திக்கொட்டை வாசம் வரும். தொண்ணூறுகளில் சில வருடங்கள், கோடை விடுமுறையில் அதுதான் எங்கள் பக்கத்துக் கலைக்கூடம். கதவுக்கு மேலே தகரப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. வீதியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ட்ராயிங் கிளாஸ் என்பார்கள்.

கிடங்குக்கு முன்னால் பெரிய காலியிடம். அதன் தென்கிழக்குப் பக்கத்தில், வேலிக்குச் சற்று உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டு நின்றது. வாயில் யாரோ ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தண்ணீர் வராமல் கைவிட்ட போர் குழாய் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் குழாய்களுக்குக் குறைவில்லை. அந்தக் குழாயைச் சுற்றி ஒரு நாள் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்க இருந்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி.

நான் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பத்தாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்தார். எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. மகளைக் கிளாசில் விட்டுவிட்டு வாசலிலேயே நிற்பேன். ஒரு நாள் அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், "ஏனுங்கம்மா, சும்மா நிக்கறதுக்கு இந்தக் களிமண்ணக் கொஞ்சம் பெசஞ்சு குடுக்கறீங்களா?" என்று கேட்டார். மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்தேன். அந்த விடுமுறை முழுக்கப் பிசைந்தேன்.

அவரை எல்லோரும் ட்ராயிங் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதோ பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். விடுமுறையில் இங்கே வந்து பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுத்தார். காலையில் ஓவியம், பிறகு களிமண், ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்குக் கோலம். பள்ளி திறக்கும் முன் ஒரு கண்காட்சி. நல்ல மனிதர். சாமி, சகுனம், ராகுகாலம் எதுவும் அவருக்கு ஆகாது. கிடங்குக் கதவில் யாரோ எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்ததை வந்த முதல் நாளே அறுத்து, பழத்தைப் பிழிந்து பிள்ளைகளுக்குச் சர்பத் போட்டுக் கொடுத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இடம் தோட்டத்தம்மாவுடையது. ஒரு காலத்தில் அந்தப் பகுதி முழுக்க அவர்கள் தோட்டம். சோளமும் பருத்தியும் போட்டிருக்கிறார்கள். பங்கு பிரிந்து, மனை மனையாக விற்று, மிஞ்சியது அவர்கள் வீடும் இந்தக் கிடங்கும் காலியிடமும். அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் வீட்டுக்காரர் காலில் அடிபட்டு வருடக்கணக்காக உள்ளறையிலேயே இருந்தார். ஒரே மகள். கல்லூரி முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண். பிள்ளைகளுக்கு வண்ணத்தாளில் பூச் செய்யக் கற்றுக்கொடுக்கத் தினமும் கிடங்குக்கு வருவாள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு நல்ல குடும்பத்தில் பேசி முடிக்கும் நிலையில் இருந்தது. அதனால் மற்ற அம்மாக்கள் அவளை விடவே மாட்டார்கள்.

"ஏனம்மணி, பூவெல்லாம் எங்களுக்குத்தானா? மாப்பிள்ளைக்கு ஒன்னு எடுத்து வெக்கலையா?"

"அவருக்குப் பூவு வேண்டாமாம். இட்லி சுடத் தெரியுமான்னு கேட்டாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"காயிதத்துல சுடுவேன்னு சொல்லுங்கன்னேன்."

அப்படி ஒரு பெண்.

குழாயின் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது என் மகள்தான். ஒரு நாள் மதியம், இலை அசையாத புழுக்கம். கொட்டாங்குச்சியை எடுத்துவிட்டு, குழாய் வாயில் ஒரு துண்டு வண்ணத்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அம்மா, இது மூச்சு உடுதும்மா."

நான் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து காற்று வந்தது. குளிர்ந்த காற்று. ஈரத்துணியை மூட்டையில் வெகுநாள் வைத்து அவிழ்த்தால் வருமே, அந்த வாசம். அன்று சாயங்காலம் இடி இடித்து மழை தூறியது. அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. தாள் வேகமாக ஆடினால் மழை வரும் என்று சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் வந்தது. சாரும் வந்து பார்த்துவிட்டு, பூமிக்குள் இருக்கும் காற்றழுத்தம் பற்றி ஏதோ விளக்கினார். நான் மட்டும் அந்தப் பக்கம் தூரிகை கழுவிய தண்ணீரை ஊற்றப் போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்த்தேன். மற்ற இடத்தில் ஊற்றினால் தண்ணீர் சிறிது நேரம் குட்டையாக நிற்கும். அங்கே ஊற்றினால் நிற்காது. சிவப்பு, நீலம், பச்சை, எது ஊற்றினாலும் தரை உடனே குடித்துவிடும். மண்ணும் வேறு மாதிரி இருந்தது. மேலே லேசாகச் செம்மண். காலால் கிளறினால் கறுப்பு மணல், அங்கங்கே மினுமினுப்பு. பிள்ளைகள் அதை அள்ளிவந்து பசை தடவிய படத்தில் இரவு வானம் போடுவார்கள்.

கண்காட்சிக்குப் பந்தல் எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது தோட்டத்தம்மாவும் வந்திருந்தார். குழாயையே நடுவாக வைத்து, அதில் மூங்கிலும் கம்பியும் கட்டி ஒரு பெரிய காகித மரம் செய்யலாம், அதைச் சுற்றிக் களிமண் கிளாஸ் பிள்ளைகள் உட்கார்ந்து பார்வையாளர்கள் முன்னால் பொம்மை செய்து காட்டலாம் என்பது சாருடைய யோசனை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. தோட்டத்தம்மா மட்டும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"ஏனுங் சார், பந்தல அக்கட்டால, வேப்பமரத்துப் பக்கமா போட்டுக்கலாங்களே."

"ஏனுங்கம்மா? இங்கதான் எடம் தாராளமா இருக்குது."

"அது அக்கினி மூலைங்க. அங்க கூட்டம் கூட்டக்கூடாதுன்னு சொல்லுவாங்க."

சார் சிரித்துவிட்டார். "பூமிக்கு ஏதுங்கம்மா மூலை? அது உருண்டைங்க."

மற்ற அம்மாக்களும் சிரித்தார்கள். தோட்டத்தம்மாவும் மரியாதைக்குச் சிரித்தார். "இல்லீங்க சார், வேண்டாமுங்க. சொன்னாக் கேளுங்க" என்று இன்னொரு தரம் சொன்னார். அவர் குரலில் இருந்தது எனக்கு வாஸ்து பயமாகத் தெரியவில்லை. ஆனால் சார் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

"அப்படீன்னா அங்கதானுங்க போடோணும். பிள்ளைங்க கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கட்டும், மூலையாவது ஒன்னாவதுன்னு."

தோட்டத்தம்மா "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு எதிரே அதற்கு மேல் மறுத்துப் பேசமாட்டார்கள். இடம் தன்னுடையதாகவே இருந்தாலும் பேசமாட்டார்கள்.

கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் பந்தல்காரர் வந்தார். வாயாடி மனிதர். வேப்பமரப் பக்கம் வரவேற்புப் பலகை நட இரண்டு குழி போடவே அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. கோடை வெயிலில் தரை பாறையாக இருந்தது. குழாய்ப் பக்கம் வந்து கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். அது பாதி உள்ளே போய்விட்டது. அவர் கடப்பாரையோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து, சமாளித்து நின்றார்.

"ஏனுங்கம்மா, இது மண்ணுங்களா, மாவுங்களா? எங்க ஊட்டு இட்லிகூட இதவிடக் கெட்டியா இருக்குமுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கம்பை நட்டார். கம்பு வேண்டியதைவிட ஆழமாக இறங்கியது. குழியின் ஓரத்திலிருந்து கறுப்பு மணல் சரசரவென்று உள்ளே வழிந்துகொண்டே இருந்தது. அவர் காலால் தள்ளி மூடினார். மறுபடியும் வழிந்தது. ஒரு நாள் நின்றால் போதும்தானே என்று சொல்லிக்கொண்டே அடுத்த குழிக்குப் போனார்.

களிமண்ணில் கை வைத்தபடி நான் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மாமா தோட்டம் ஞாபகம் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வற்றிப்போன ஒரு கிணற்றை அவர் மூடினார். மூடும்போது அடியிலிருந்து மேல்வரை ஒரு குழாயை நிறுத்தி, அதைச் சுற்றி மண்ணைக் கொட்டச் சொன்னார். கிணறு மூச்சு விடவேண்டும், மூச்சை அடைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். கிணற்றை மூடுவது எங்கள் சனங்களிடையே பெரிய பாவம். மூடுகிறவர்கள் அதை வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வெள்ளாமைக்குள் அங்கே ஒரு கிணறு இருந்ததாகவே யாரும் பேசக்கூடாது என்பது போல நடந்துகொள்வார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்தம்மா வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாசலில் அவர் முறத்தில் சின்ன வெங்காயம் வைத்து உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மணி, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அந்தக் குழாய்ங்க..."

"போர் பைப்புங்க கண்ணு."

"எங்க மாமா கெணத்த மூடறப்ப இப்படித்தானுங்க ஒரு பைப்பு வெச்சாங்க."

அவர் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டார். உள்ளறையில் அவர் வீட்டுக்காரர் இருமும் சத்தம் கேட்டது.

"மெதுவாப் பேசுங்க. அவருக்குக் கேக்கும்."

பிறகு அவரே சொன்னார். தண்ணீர் வற்றிப்போன கிணறு. மனை பிரித்து விற்றபோது கிணறு இருந்தால் பக்கத்து மனையை யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவர் வீட்டுக்காரர் மூடிவிட்டார். பக்கத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்காரர்கள் அச்சுக்குப் போட்டு எரிந்துபோன கறுப்பு மணலைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். லாரி லாரியாக வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். பூசை எதுவும் செய்யவில்லை. குழாயை மட்டும் இவர் அழுது அடம்பிடித்து வைக்கச் சொன்னாராம்.

"மூடின வருசமே அவரு தோட்டத்துச் சாளைக் கூரையில இருந்து உழுந்து காலு போச்சு. ஊருல தெரிஞ்சா என்ன பேசுவாங்க சொல்லுங்க. கெணத்த மூடின ஊடுன்னு பேரு வந்துபோட்டா எம்புள்ளய யாருங்க எடுப்பாங்க? நாளைக்கு மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கண்காட்சிக்கு வாராங்க. நான்தான் வரச் சொன்னேன், எங்க எடத்துல நடக்குதுன்னு."

"அக்கா, அங்க கொழந்தைங்க உக்காருவாங்க."

"அதனாலதானே கண்ணு அக்கினி மூலைன்னு சொன்னேன். அந்த சார் கேக்கமாட்டேங்கறாரே."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தால் வந்ததா என்று தெரியவில்லை. "நீங்க எப்படியாச்சும் பந்தல மாத்தச் சொல்லுங்கம்மணி. கெணறுன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிப்போடாதீங்க. எம்புள்ள மேல சத்தியமாக் கேட்டுக்கறேன்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? அன்று குழாய் வாயில் யாரோ சொருகியிருந்த தாள் நிற்காமல் அடித்துக்கொண்டது. சாயங்காலம் மேற்கே கறுத்து, சூறைக்காற்றோடு மழை கொட்டியது. கோடை மழைக்கே உரிய வேகம். வீட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. மகள் மட்டும் நாளைக்கு யானை செய்யப்போவதாகவும், சார் தன்னை மரத்துக்கு மிகப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருப்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை நாளை வீட்டிலேயே வைத்துக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகள் முகம் ஒவ்வொன்றாக வந்தது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். கிடங்கின் வாசல்படி உயரமானது. அங்கே நின்று பார்த்தேன். காலியிடம் முழுக்க மழைத்தண்ணீர் அங்கங்கே தேங்கி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் ஒழுகியிருந்தும் பந்தலுக்குக் கீழே மட்டும் ஒரு சொட்டு தேங்கவில்லை. அந்த இடம் சுற்றிலும் ஒரு சாண் அளவுக்கு இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தின் ஓரம் நேர்க்கோடாக இருந்தது. நான்கு பக்கமும் நேர்க்கோடு. யாரோ அளந்து வெட்டிய மாதிரி.

சார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னங்கம்மா, மழையில பந்தலுக்கு ஒன்னும் ஆகலையே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"சார், இந்தப் படியில ஏறி நின்னு பாருங்க."

நான் அவரிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவர் ஏறி நின்றார். முதலில் பந்தலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். படம் போடுகிறவர்களுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் ஒரு பழக்கம் உண்டு. அப்படிப் பார்த்தார்.

"போர் போட்டா வட்டமா இருக்கும்" என்றார் கடைசியில். "இது சதுரமுங்க."

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளைச் சதுரமாகத்தான் வெட்டுவார்கள்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

அந்தச் சத்தியத்தை நினைத்து நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். கிணறு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை. கயிற்றை எடுத்துவந்து பந்தலைச் சுற்றித் தூரத்தில் குச்சி நட்டுக் கட்டினார். அந்தச் சதுரத்துக்குள் ஒரு அடிகூட வைக்காமல், வெளியே சுற்றிச் சுற்றிவந்தே கட்டினார். களிமண் கிளாசைக் கிடங்குக்குள் மாற்றினோம். முதல் நாள் மதியமே குழாயில் கட்டியிருந்த காகித மரம் மழையில் சாயம் கலங்கியிருந்தது, அதை யாரும் போய் எடுக்கவில்லை. அது குழாயின் மேலேயே நின்றது.

பிள்ளைகளும் அம்மாக்களும் வரத் தொடங்கியதும் கேள்வி வந்தது. ஏன் பந்தலில் ஒன்றும் இல்லை, ஏன் கயிறு. வெயில் அதிகமாக இருக்கிறது, உள்ளேயே நடத்திவிடலாம் என்றார் சார். மழை பெய்து குளிர்ந்திருந்த காலையில் அந்தக் காரணம் எடுபடவில்லை.

"ஏனுங் சார், அக்கினி மூலைக்குப் பயந்துபோட்டீங்களாட்ட இருக்குது?"

"உருண்டைல மூலை மொளச்சுப்போச்சுங்களா?"

"சும்மா இருங்கக்கா. சாரு நைட்டு ஜோசியரப் பாத்துட்டு வந்திருக்காரு."

அவர் சிரித்துச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. "ஆமாங்க, பெரியவங்க சொன்னாக் கேக்கோணும்ல" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு பெண் மேலும் கேலி செய்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளைகள் படங்களுக்குக் குண்டூசி குத்திக்கொண்டே இருந்தார்.

சிறிது நேரத்தில் தோட்டத்தம்மா வந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். வீட்டிலிருந்து ஒரு மர நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம், பந்தலைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பையில் கடலைமிட்டாய். கயிற்றுப் பக்கம் எந்தப் பிள்ளை வந்தாலும், "இங்க வேண்டாங் கண்ணு, இந்தா, உள்ள போயி வெளையாடு" என்று ஒன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். உள்ளே வரச்சொல்லி யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. காலை முழுக்க அப்படியே இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் காகித மரம் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியபோது மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு மூன்று பெண்கள், ஒரு சின்னக் குழந்தை. தோட்டத்தம்மா எழுந்து கும்பிட்டு வரவேற்றார். ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்துவிட்டால் பக்கத்தில் நின்று கவனிக்காமல் முடியாது. அவர்களைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்கு உள்ளே போனார். நாற்காலி காலியாக இருந்தது. நான் வாசலில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூட்டமும் புழுக்கமும். மாப்பிள்ளையின் அம்மா குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நல்ல மனுஷி. என்னைப் பார்த்து, "அங்க நெழலு நல்லா இருக்குதுங்களே, யாரும் உக்காரலையா?" என்று கேட்டுக்கொண்டே பந்தலை நோக்கி நடந்தார். குழந்தை காகித மரத்தைக் காட்டி இழுத்தது. அவர் கயிற்றைத் தூக்கிக் குழந்தையை உள்ளே விடக் குனிந்தார். நான் ஓடினேன். ஓடினேனே தவிர வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

பின்னாலிருந்து தோட்டத்தம்மாவின் குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"சம்பந்தி, நில்லுங்க! போகாதீங்க! கெணறுங்க அது! நாங்க மூடின கெணறுங்க!"

கிடங்குக்குள் இருந்த பேச்செல்லாம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தோம். சார் வாசலில் நின்று, யாரும் படியை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சூரியன் உச்சிக்கு வருவதற்கு முன் அந்த இடம் உள்ளே போய்விட்டது. பெரிய சத்தம் இல்லை. சோளத்தட்டுப் போரிலிருந்து ஒரு கட்டு சரிந்த மாதிரி. பந்தல் கம்புகள் நான்கும் ஒன்றையொன்று பார்த்துக் குனிந்தன. கூரைத்துணி நடுவில் குழிந்தது. பிறகு தரை ஓர் ஆள் ஆழத்துக்கு இறங்கி நின்றது. நின்றுவிட்டதா என்று பார்க்கும்போதே மணல் மறுபடியும் வழிந்து கீழே போனது. குழாய் மட்டும் போகவில்லை. சுற்றி இருந்த மண்ணெல்லாம் இறங்கிவிட, அது ஓர் ஆளைவிட உயரமாகத் தனியாக நின்றது. அதன் உச்சியில் பிள்ளைகள் செய்த காகிதப் பூக்கள். என் மகள் என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, நான் அங்கதானே உக்கார இருந்தேன்" என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு, தோட்டத்தம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் கிடங்குச் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். தோட்டத்தம்மா குனிந்த தலை நிமிரவில்லை. எல்லாம் முடிந்துபோனது என்று அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன்.

"பைப்பு வெச்சிருக்கறீங்களே, அதுவாச்சும் நல்லதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தோட்டத்தம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊட்டுல அதுவும் வெக்கலைங்க. மாமனார் காலத்துல மூடினது. அதும்மேலதான் சமையக்கட்டு. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க இத்தன பேரு முன்னால சொல்லிப்போட்டீங்க. அதனால சொல்றேன்." அவர் தோட்டத்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒன்னும் நெனச்சுக்காதீங்க. எங்களுக்கு உங்க பொண்ணுதான் வேணும்."

தோட்டத்தம்மா தலையை நிமிர்த்தி எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே அவர் மகள், அழுத பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழியைப் பிறகு கல்லும் செம்மண்ணும் போட்டு ஒழுங்காக நிரப்பினார்கள். இந்த முறை பூசையும் செய்தார்கள். சார் வந்து கடைசிவரை நின்றார். அடுத்த வருடம் கிளாஸ் நடந்தது. அதற்கடுத்த வருடம் அவருக்கு மாற்றலாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் தோட்டத்தம்மாவிடம், அந்தச் சமையலறையைப் பற்றிப் பேசினீர்களா என்று கேட்டேன்.

"எப்படிங்கம்மணி கேக்கறது? நம்ம கெணத்தக் கண்ணால பாத்தும் அவங்க வேண்டாம்னு சொல்லல. நாம எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றார். "வேற சமையக்கட்டு கட்டப்போறாங்களாம். அவங்களே சொன்னாங்க."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் போயிருந்தேன். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சில வருடம் கழித்து ஒரு விசேஷத்துக்காகப் பெரியநாயக்கன்பாளையம் போனபோது அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். நல்ல பெரிய வீடு. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். காபி போடுகிறேன், உள்ளே வந்து பேசிக்கொண்டிருங்கள் என்று சமையலறைக்குக் கூப்பிட்டாள். நான் நிலைப்படியிலேயே நின்றுகொண்டேன். சிவப்புச் சிமெண்டுத் தரை. அப்போதுதான் கழுவியிருந்தாள்.

"வேற சமையக்கட்டு கட்டறதாச் சொன்னாங்களே?"

"வர்ற ஆவணியில கட்டறோம்னு சொல்லியிருக்காங்கக்கா. போன ஆவணிக்கும் சொன்னாங்க." சிரித்தாள். அதே சிரிப்பு. "உள்ள வாங்கக்கா. ஏன் அங்கயே நிக்கறீங்க?"

"இருக்கட்டுமுங்க."

டம்ளரைக் கழுவும்போது கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது. தண்ணீர் வெளியே போகும் துளை சுவரோரம், மூலையில் இருந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் போகவில்லை. தரையின் நடுவை நோக்கி மெதுவாக ஓடிப்போய், அவள் காலுக்குப் பக்கத்தில் நின்றது.

"இந்தத் தரை இப்படித்தானுங்கக்கா" என்று சொல்லி அவள் குனிந்து துடைத்தாள்.

இது நடந்தும் பல வருடமாகிவிட்டது. மழைக்காலம் தொடங்கினால் தோட்டத்தம்மா ஏதாவது ஒரு காரணம் சொல்லிப் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். மழை விடும்வரை மகளைச் சமையலறைக்குள் விடாமல் தானே சமைப்பாராம். போன ஐப்பசியிலும் போயிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.